அடைப்புக்குறிக்குள் மற்றவர்கள்

1996-ல் எங்க ஊர்ப் பக்கம் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எனக்கு அப்போ ஆறு வயசு. சுத்துப்பட்டில் சில தலைவர் பதவிகளைத் தலித்துகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஜீப்பில் ஓர் அதிகாரி சேரிக்கு வந்தார். "பயப்படாம வந்து ஓட்டுப் போடுங்க, போலீஸ் பாதுகாப்பு இருக்கு" என்றார். எங்க அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டது: "போடச் சொல்றீகய்யா, போடுறோம். போட்டுட்டு ராத்திரி எங்க படுக்கிறதுன்னு சொல்லிட்டுப் போங்க." அதிகாரியிடம் பதில் இல்லை. ஜீப் கிளம்பிப் போச்சு.

போன மாதம் அதே கேள்வியை நான் கேட்க வேண்டி வந்தது. ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய இரண்டு நாள் பயிற்சி முகாம். தலைப்பு, 'தேர்தலும் சமாதானமும்'. படம் போட்டுக் காட்டி ஒருவர் பேசினார். இனச்சண்டையில் கிழிந்துபோன நாடுகளுக்கு வெளிநாடுகளின் மேற்பார்வையில் நடக்கும் தேர்தல்தான் மருந்தாம். அதுக்கு உதாரணம் போஸ்னியாவாம். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஓட்டுச்சீட்டைக் கையில் எடுத்தார்களாம். நான் எழுந்து, "ஓட்டுப் போட்டவங்க அன்னைக்கு ராத்திரி எங்க படுத்தாங்க சார்?" என்று கேட்டேன். சிரித்தார்கள். "தோழர், நீங்க எதையும் சேரியிலேருந்தே பாக்குறீங்க" என்றார் பேசியவர்.

ஆமாம், சேரியிலிருந்துதான் பார்க்கிறேன். பொறந்த எடத்துலேருந்துதானே பார்க்க முடியும்? அங்கேயிருந்து பார்த்தால் போஸ்னியா எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

போஸ்னியா-ஹெர்ஸகோவினா பழைய யூகோஸ்லாவியாவின் ஆறு குடியரசுகளில் ஒன்று. 1991 கணக்கெடுப்பில் அங்கே 43 லட்சத்துக்கு மேல் சனம். நூற்றுக்கு 44 பேர் முஸ்லிம்கள், பின்னால் போஸ்னியாக்குகள் என்று பேர் எடுத்தவர்கள். 31 பேர் செர்பியர்கள். 17 பேர் குரோவேசியர்கள். 2 லட்சத்து 40 ஆயிரம் பேர் இந்த மூன்றிலும் சேராமல், 'நான் யூகோஸ்லாவியன்' என்று எழுதிக்கொடுத்தவர்கள். கலப்பு மணம் செய்தவர்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள், இனம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்று நின்றவர்கள் இதில் உண்டு. இவர்களுக்கும் அப்பால் யூதர்கள், ரோமாக்கள். இந்த ரோமாக்களைத்தான் ஐரோப்பாக்காரன் காலங்காலமாக ஜிப்சி என்று இளக்காரமாகக் கூப்பிட்டான், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தான், திருடன் என்று சொன்னான். அவர்களுடைய மூதாதையர் நம்ம துணைக்கண்டத்திலிருந்து போனவர்கள் என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். இவர்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இவர்களிடம்தான் வரப்போகிறேன்.

போஸ்னியாவுக்கு ஓட்டுப்பெட்டி புதுசல்ல. 1990 நவம்பரில் நடந்த பல கட்சித் தேர்தலில் மூன்று இனங்களின் மூன்று கட்சிகள் வென்றன. ஒவ்வொன்றும் தன் சனத்திடம் போய், மற்ற இரண்டு பேரையும் காட்டிப் பயமுறுத்தி ஓட்டு வாங்கியது. அடுத்து, 'சுதந்திரம் வேண்டுமானால் பொதுவாக்கெடுப்பு நடத்து' என்று சொன்னது ஐரோப்பிய சமூகம் அமைத்த சட்டக்குழு. 1992 பிப்ரவரி 29, மார்ச் 1 ஆகிய இரண்டு நாள் வாக்கெடுப்பு. செர்பியர்கள் பெரும்பாலோர் புறக்கணித்தார்கள். ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் சுதந்திரம் வேண்டும் என்றார்கள். ஏப்ரல் 6-ல் ஐரோப்பிய சமூகம் அங்கீகாரம் கொடுத்தது. அதற்குள் சண்டை மூண்டுவிட்டது.

வாக்கெடுப்புதான் சண்டைக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. செர்பியத் தலைவர்களிடம் ஆயுதமும் திட்டமும் முன்னாடியே தயாராக இருந்தன. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஓட்டை எண்ணச் சொன்னவன், எண்ணி முடித்ததும் வரப்போகிற கத்தியைத் தடுக்க என்ன ஏற்பாடு செய்தான்? 1991 செப்டம்பரிலேயே யூகோஸ்லாவியா முழுவதுக்கும் ஐ.நா. ஆயுதத் தடை போட்டிருந்தது. பழைய ராணுவத்தின் பீரங்கிகள் கையில் இருந்தவனுக்கு அந்தத் தடையால் நட்டமில்லை. கையில் ஒன்றும் இல்லாதவன்தான் மாட்டிக்கொண்டான். ஓட்டுரிமை கொடுத்தவன் உயிருக்குப் பொறுப்பு எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றரை வருசத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள். இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், அதாவது நாட்டில் பாதிப்பேர், வீட்டை விட்டு ஓடினார்கள். பிரியேடோர் நகரில் 1992 மே 31 அன்று செர்பியர் அல்லாத வீடுகளில் வெள்ளைத்துணி தொங்கவிட வேண்டும், வெளியே வந்தால் கையில் வெள்ளைப்பட்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. யார் யார் என்று தெருவில் பார்த்ததும் தெரிய வேண்டுமாம்! நமக்கு இது புரிய வியாக்யானம் தேவையில்லை. ஃபோச்சா நகரில் பெண்களை அடைத்துவைத்து மாதக்கணக்கில் வன்புணர்ந்தார்கள். 2001-ல் சர்வதேச நீதிமன்றம் அதை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று தீர்ப்பளித்தது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா. ஐ.நா. 'பாதுகாப்பு வலயம்' என்று பேர் வைத்து, நெதர்லாந்துப் படையைக் காவலுக்கு நிறுத்திய ஊர். எட்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களையும் பையன்களையும் சில நாளில் கொன்று குழியில் தள்ளினார்கள். இது சண்டையில் தற்செயலாக நடந்ததல்ல. ஊரைக் காலி பண்ணுவதுதான் சண்டையின் நோக்கமே.

அப்புறம்தான் சமாதானம் வந்தது. 1995 நவம்பர் 21, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் ஊருக்குப் பக்கத்து விமானப்படைத் தளத்தில் ஒப்பந்தம் முடிவானது. நாட்டை இரண்டாக வகுத்தார்கள். 51 பங்கு போஸ்னியாக்-குரோவேசியக் கூட்டமைப்புக்கு, 49 பங்கு செர்பியக் குடியரசுக்கு. ஆங்கிலத்தில் எழுதி, ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்பாக ஒட்டிவிட்டார்கள் ஓர் அரசியல் சட்டத்தை. அதை ஏற்கிறாயா என்று அந்தச் சனத்திடம் ஓட்டுக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஓட்டு வைக்கிறவன், நாட்டின் ஆணிவேருக்கு ஓட்டு வைக்கவில்லை. மூன்றாம் இணைப்பு, ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் தேர்தல் என்றது. ஏழாம் இணைப்பு, ஓடிப்போன எல்லோரும் சொந்த வீட்டுக்குத் திரும்பலாம் என்றது. மூன்றாம் இணைப்புக்குத் தேதி இருந்தது. ஏழாம் இணைப்புக்குத் தேதி இல்லை. தோழர்களே, மொத்த விசயமும் இதில் அடக்கம்.

ஏன் அந்த அவசரம்? அமெரிக்க அதிபர் கிளிண்டன், படை ஒரு வருசத்தில் திரும்பிவிடும் என்று தன் நாட்டு சனத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 1996 நவம்பர் 5 அவருடைய சொந்தத் தேர்தல். போஸ்னியாவில் தேர்தல் முடிந்தது, காரியம் கைகூடியது என்று காட்டியாக வேண்டும். நிபந்தனைகள் நிறைவேறியிருக்கின்றன என்று சான்று கொடுக்க வேண்டியது ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு. அதன் அந்த வருசத் தலைவர் சுவிட்சர்லாந்து வெளியுறவு அமைச்சர் ஃபிளாவியோ கோட்டி. 1996 ஜூனில் அவர் அனுமதி கொடுத்தபோதே எச்சரிக்கையும் செய்தார். குறைகளைச் சரிசெய்யாமல் நடத்தினால், தீவிர இனவாதிகளுக்கும் இனச் சுத்திகரிப்புக்கும் சனநாயக முத்திரை குத்தினதாக ஆகிவிடும் என்றார். தெரிந்தே சொன்னார், சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டார். மேட்டுக்குடி மனசாட்சியின் வழக்கமே இதுதான். எச்சரிக்கை ஒரு கையில், கையெழுத்து இன்னொரு கையில்.

வெளிநாட்டுப் படையைக் காவலுக்கு வைத்து நடத்தும் தேர்தல் தமிழர்களும் பார்த்ததுதான். 1988 நவம்பரில் இந்தியப் படை நிற்க, இலங்கையின் வடகிழக்கு மாகாணசபைக்குத் தேர்தல் வந்தது. வடக்கில் போட்டியே இல்லாமல் உறுப்பினர்கள் வந்தார்கள். 1990 மார்ச்சில் படை கப்பலேறியது, சபையின் முதலமைச்சரும் நாட்டை விட்டு வெளியேறினார். கொண்டுவந்து வைத்தவன் போகும்போது பெட்டியும் கூடவே போய்விடுகிறது. தங்கியிருக்க வேண்டிய சனம்தான் மிச்சக் கணக்கைத் தீர்க்கிறது.

போஸ்னியாவுக்கே வருவோம். 1991-ல் எந்த ஊரில் இருந்தாயோ அந்த ஊருக்கு ஓட்டுப் போடலாம் என்பது பொதுவிதி. நல்ல விதி. கூடவே ஒரு படிவம் கொடுத்தார்கள், பேர் பி-2. இனிமேல் எந்த ஊரில் குடியிருக்க நினைக்கிறாயோ அந்த ஊருக்கும் ஓட்டைப் பதியலாம். இது போதாதா அவர்களுக்கு? அகதியாக வந்த செர்பிய ஏழைகளைப் பிடித்து, இந்த ஊருக்கு எழுது, இல்லாவிட்டால் நிவாரணம் கிடையாது, தங்க இடம் கிடையாது என்று மிரட்டி, முஸ்லிம்களைத் துரத்திக் காலியாக்கின ஊர்களில் பதிய வைத்தார்கள். துப்பாக்கியால் காலியாக்கின ஊரை ஓட்டால் நிரப்புகிற வேலை. செர்பிய ஏழைக்கும் இதில் சுகமில்லை. தன் பழைய வீட்டு உரிமையைத் தானே கைவிட வைத்தார்கள். இந்தத் தில்லுமுல்லு வெளியே வந்து நாறியதும், உள்ளாட்சித் தேர்தலை மட்டும் அடுத்த வருசத்துக்குத் தள்ளிவைத்தார்கள். பெரிய தேர்தல் மட்டும் தேதி மாறாமல் 1996 செப்டம்பர் 14-ல் நடந்தது.

அன்றைக்கு எல்லைக்கோட்டைத் தாண்டி, விரட்டப்பட்ட சொந்த ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். எப்படிப் போவார்கள்? அங்கே போலீஸ் ஸ்டேசனில் உட்கார்ந்திருந்தவர்கள் 1992-ல் வீட்டு வாசலுக்கு வந்த அதே ஆட்கள். ஆனால் ஓட்டு எண்ணிக்கை மட்டும், அதுவரை சொல்லப்பட்ட வாக்காளர் கணக்கைப் பார்த்தால், நூற்றுக்கு நூறைத் தாண்டியது! கேள்வி எழுந்ததும் வாக்காளர் கணக்கைக் கூட்டிக்கொண்டார்கள். சான்றும் கொடுத்தார்கள்.

வென்றது யார்? 1990-ல் வென்ற அதே மூன்று கட்சிகள். மூவர் குடியரசுத் தலைமைக்குச் செர்பியர் சார்பில் வந்தவர் மொம்சிலோ கிராயிஷ்னிக். அவரை 2000 ஏப்ரலில் நேட்டோ படை பிடித்துக்கொண்டு போனது. 2006-ல் 27 வருசம் தண்டனை, 2009 மேல்முறையீட்டில் 20 வருசம். செர்பியக் குடியரசின் தலைவராக வந்தவர் பிலியானா பிளாவ்ஷிச். அவர் 2002-ல் மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2003-ல் 11 வருசம் தண்டனை. வெளிநாட்டான் தேர்தலில் வென்றவர்கள் வெளிநாட்டான் கோர்ட்டில் குற்றவாளிகள். முதலில் கோர்ட், அப்புறம் ஓட்டு என்று வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? கிளிண்டனுடைய காலண்டர் கெட்டுப்போயிருக்கும்.

தள்ளிவைத்த உள்ளாட்சித் தேர்தல் 1997 செப்டம்பரில் நடந்தது. ஸ்ரெப்ரெனிட்சாவிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வெளியூரிலிருந்தே ஓட்டுப் போட்டு, அந்த நகரசபையில் பெரும்பான்மை வாங்கினார்கள். சந்தோசப்பட்டீர்களா? வென்றவர்கள் உள்ளே போய் உட்கார முடியவில்லை. ஓட்டு அவர்களுடையது, ஊர் கொன்றவர்களுடையது.

அதே 1997-ல் மேலூர்ப் பக்கம் என்ன நடந்தது? மேலவளவு. மனு போட்டவர்களை மிரட்டினார்கள், ஓட்டுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கடைசியில் போலீஸ் காவலில் தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். அலுவலகத்துக்குள் நிம்மதியாக உட்கார விடவில்லை. ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை பத்து வருசம் ஒரு தலித் அந்த நாற்காலியில் நிலைக்க முடியவில்லை. போஸ்னியாவின் மோஸ்தார் நகரத்திலும், இரண்டு இனத் தலைவர்கள் ஒத்துப்போகாமல், 2008-க்குப் பிறகு 2020 வரை நகரசபைத் தேர்தலே நடக்கவில்லை. நாடு வேறு, மதம் வேறு, கதை வேறு. ஆனால் ஊரும் தெருவும் நிலமும் யார் கையில் என்பதைத் தொடாமல் பெட்டியை மட்டும் கொண்டுவந்து வைத்தால் என்ன நடக்கும் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஓட்டை உண்மையாக மதித்தானா வெளிநாட்டான்? அதுவும் இல்லை. 1997 டிசம்பரில் உயர் பிரதிநிதி என்கிற அவர்களுடைய அதிகாரிக்கு, சட்டம் போடவும் ஆளை நீக்கவும் அதிகாரம் கொடுத்தார்கள். 1998-ல் சனம் தேர்ந்தெடுத்த செர்பியக் குடியரசுத் தலைவர் நிகோலா பொப்லாஷெனை 1999 மார்ச்சில் ஒரே உத்தரவில் நீக்கினார்கள். அவர் இனவாதி, நான் அழ மாட்டேன். ஆனால் ஓட்டே தீர்ப்பு என்று சொல்லிக்கொடுத்தவன், பிடிக்காத தீர்ப்பைக் கிழிக்கவும் செய்தால் சனம் என்ன படிக்கும்? 2022 அக்டோபர் 2-ல் ஓட்டுப்பதிவு முடிந்த அன்றைக்குச் சாயங்காலமே, அப்போதைய உயர் பிரதிநிதி கிறிஸ்டியன் ஷ்மிட் தேர்தல் சட்டத்தையே மாற்றி அறிவித்தார். சனம் ஓட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சேருமுன் விதி மாறிவிட்டது.

இப்போ நான் மனசில் வைத்துக்கொள்ளச் சொன்ன ஆட்களிடம் வருகிறேன். டேட்டன் அரசியல் சட்டத்தின் முகவுரை நாட்டின் மக்களை வரிசைப்படுத்துகிறது. போஸ்னியாக்குகள், குரோவேசியர்கள், செர்பியர்கள். அப்புறம் ஓர் அடைப்புக்குறி. அதற்குள், 'மற்றவர்களோடு சேர்த்து' என்று இருக்கிறது. அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்த இடம். ரோமா, யூதர், கலப்பு மணப் பிள்ளைகள், இனம் சொல்ல மறுத்தவர்கள் எல்லாரும் அந்த அடைப்புக்குறிக்குள். குடியரசுத் தலைமைக்கு அந்த மூன்று இனத்தில் ஆளுக்கு ஒருவர்தான் நிற்கலாம். மேல்சபையில் 15 இடம், இனத்துக்கு ஐந்து. அடைப்புக்குறிக்குள் இருப்பவன் ஓட்டுப் போடலாம், நிற்கக் கூடாது. கொட்டடிக்கலாம், கோயிலுக்குள் வரக் கூடாது என்கிற மாதிரி.

டெர்வோ செய்திச், ரோமா. யாகோப் ஃபின்சி, யூதர். நான் குடியரசுத் தலைமைக்கு நிற்கலாமா என்று ஃபின்சி கேட்டபோது, யூதர் என்பதால் முடியாது என்று 2007 ஜனவரியில் தேர்தல் ஆணையமே எழுதிக்கொடுத்தது. அதற்கப்புறம் அவரை அதே நாடு சுவிட்சர்லாந்துக்குத் தூதராக அனுப்பியது. வெளியே நாட்டின் முகமாக இருக்கலாம், உள்ளே மனுப் போட முடியாது. செய்திச் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? அந்த 1996 தேர்தலை நடத்திய ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பில், ரோமாக்களின் நிலையைக் கண்காணிக்கிறவராக! இரண்டு பேரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2009 டிசம்பர் 22-ல் இது பாகுபாடுதான் என்று தீர்ப்பு வந்தது. ஸ்ரெப்ரெனிட்சாவில் வாழும் போஸ்னியாக் டாக்டர் இலியாஸ் பிலாவ், தன் பக்கத்து இடம் செர்பியருக்கு மட்டும் என்பதால் நிற்க முடியவில்லை. அவருக்கும் 2016-ல் சாதகமான தீர்ப்பு. இத்தனைக்கும் பிறகு 2022 தேர்தலும் அந்தப் பழைய விதியில்தான் நடந்தது.

இந்த இடத்தில் சிலபேர் இடக்காகக் கேட்பார்கள்: "இனவாரியாப் பங்கு வச்சதைத் திட்டுறீங்க. நீங்க மட்டும் இடஒதுக்கீடு கேக்கலாமா, இரட்டை வாக்குரிமை கேக்கலாமா?" கேட்கலாம், கேட்போம். 1932-ல் அண்ணல் அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதி கேட்டது, எந்த அதிகாரமும் இல்லாதவன் தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்க. அதைக் காந்தியின் பட்டினியைக் காட்டிப் பறித்து, செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். டேட்டன் பங்கு கொடுத்தது யாருக்கு? படை வைத்திருந்த மூன்று பேருக்கு. ஒதுக்கீடு என்றால் வெளியே நிற்கிறவனுக்குக் கதவைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கிறவன் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள அதே சொல்லைத் திருடினால், திருட்டைத்தான் கேட்க வேண்டும், சொல்லை அல்ல. அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். அடைப்புக்குறிக்குள் இருக்கிறவனுக்கு என்ன கிடைத்தது?

அப்போ தேர்தலே வேண்டாமா, ராணுவம் ஆளட்டுமா என்றால், இல்லை. நம்ம சனத்துக்கு ஓட்டின் அருமை தெரியும், அதுக்காகச் செத்திருக்கிறோம். நான் சொல்வது வரிசை. போஸ்னியாவில் உருப்படியாக ஒன்று நடந்தது. 1999-க்கு அப்புறம், அடுத்தவன் வீட்டில் குடியேறினவன் வெளியேற வேண்டும், வீட்டுக்காரனிடம் சாவியைக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தை இறுக்கி, ஊர் ஊராக நிறைவேற்றினார்கள். 2004-க்குள் பத்து லட்சம் பேர் திரும்பியதாக ஐ.நா. அகதிகள் ஆணையம் கணக்குச் சொன்னது. எல்லோரும் பிறந்த ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடவில்லை. வாங்கின வீட்டை விற்றுவிட்டுத் தன் இனத்தார் பக்கம் போனவர்களும் உண்டு. ஆனாலும் ஓட்டுப்பெட்டி செய்யாததைச் சாவி செய்தது. அந்தச் சாவி 1996-லேயே கைக்கு வந்திருந்தால், கொன்றவன் கூண்டில் நின்றிருந்தால், அந்த ஓட்டுக்கு வேற அர்த்தம் இருந்திருக்கும்.

எந்த நாட்டில் எந்தப் பெரிய நாடு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாலும் நாம் கேட்க வேண்டியது இதுதான். விரட்டப்பட்டவன் வீட்டுக்குத் திரும்பிவிட்டானா? விரட்டினவனிடமிருந்து போலீஸ் ஸ்டேசனை வாங்கியாச்சா? 'மற்றவர்கள்' என்று எழுதின அடைப்புக்குறியை அழிச்சாச்சா? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், அங்கே எண்ணுவது ஓட்டு அல்ல, கொலையின் மகசூல்.

முகாமில் பேசியவர் மத்தியானச் சாப்பாட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்க கேள்விக்கு எங்க பாடத்தில் பதில் இல்ல தோழர்" என்றார். நல்ல மனுசன், உண்மையைச் சொன்னார். பாடத்தை மாத்துங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பத்தா செத்து ஒன்பது வருசமாச்சு. ஒவ்வொரு தேர்தலுக்கும் போய் ஓட்டுப் போட்டது. ஒவ்வொரு தேர்தல் அன்றைக்கும் ராத்திரி, அரிவாளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தது.